திருகோணமலைக் களப்புகளில் மாரிகாலப் பறவை பார்த்தலும் கரை வேலையும்

வலசைப் பறவைகள் ஓகஸ்ட் கடைசியிலேயே எங்கள் கரைக்கு வரத் தொடங்கிவிடும். ஒக்டோபர், நவம்பரில் கூட்டம் கூடும். ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை வடக்கே திரும்பிவிடும். ஆனால் இந்த மாதங்கள் எல்லாமே பறவை பார்க்க உகந்தவை அல்ல. நவம்பர், டிசம்பரில் பெருமழை விழுந்து களப்பு நிரம்பிக் கிடக்கும்போது போனால் பரந்த தண்ணீரும் தூரத்தில் சில நீர்க்காகங்களும்தான் கண்ணில் படும். பறவைகள் வந்திருக்கும். நிற்க இடம் இல்லாமல் வயல்களுக்கும் தரவைகளுக்கும் (களப்பை அண்டிய வெட்டை நிலங்கள்) சிதறிப் போயிருக்கும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது காலின் நீளம்தான். கொசு உள்ளான் ஒரு சிட்டுக்குருவி அளவு பறவை. இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமான தண்ணீரில் அதனால் இரை தேட முடியாது. உப்புக்கொத்திகள் தண்ணீருக்குள் இறங்குவதே குறைவு, ஈரச் சேற்றின் மேலே ஓடி ஓடிக் கொத்தும். நெடுங்கால் உள்ளான் மட்டும் சற்று ஆழத்தில் நிற்கும். ஆகவே கரையோரம் சேறு வெளியே தெரியத் தொடங்கும் காலமே நமக்கு வேண்டியது. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை அந்தக் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். தாராக்களைப் பார்க்க விரும்புபவர்கள் டிசம்பர் கடைசியிலிருந்தே போகலாம், அவற்றுக்குத் திறந்த தண்ணீர் போதும்.

வற்றுப்பெருக்கு அட்டவணை பார்த்துத் திட்டமிடுவது இங்கே பெரிதாக உதவாது. எங்கள் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. களப்பின் நீர்மட்டத்தை நிர்ணயிப்பது மழையும், களப்பு கடலோடு சேரும் வாயான முகத்துவாரமும்தான். மணல்திட்டு உடைந்தோ வெட்டப்பட்டோ முகத்துவாரம் திறந்தால் நீர்மட்டம் சடுதியாக இறங்கி, புதிய சேறு அகலமாக வெளிப்படும். அடுத்து வரும் காலைகளைத் தவறவிடக்கூடாது. மீனவர்களோடு பழக்கம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செய்தி முதலில் கிடைக்கும்.

எங்கே நிற்பது

கிழக்குக் கரையில் ஒரு வசதி உண்டு. கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் நின்று களப்பைப் பார்த்தால் காலைச் சூரியன் முதுகுப்புறம் இருக்கும். பறவையின் நிறம், காலின் நிறம் எல்லாம் தெளிவாகத் தெரியும். அதே களப்பை மேற்குக் கரையிலிருந்து காலையில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். மாலையில் இது தலைகீழாகும். ஜனவரியில் சூரியன் 6.20 தாண்டித்தான் எழும். அந்த நேரத்துக்கே இடத்தில் இருந்தால் 8.30 வரை நல்ல வெளிச்சம். அதன்பின் கானல் அலைந்து தூரத்துப் பறவைகளின் உருவம் கலங்கிவிடும்.

நிலாவெளியிலிருந்து இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை போகும் வீதி முழுக்கக் களப்பும் உப்புத்தரவையும் மாறி மாறி வரும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே சிறந்த வழி, பஸ்ஸில் போய் இறங்கி நடந்தே பார்க்கலாம். கிண்ணியாப் பாலத்தின் நடைபாதையில் நின்றால் மேற்கே தம்பலகாமக் குடா விரியும். ஆலாக்களும் நீர்க்காகங்களும் மீன்பிடிப்பதைக் காலை வெளிச்சத்தில் அங்கிருந்தே பார்க்கலாம். தம்பலகாமத்து வயல்களில் பெப்ரவரி, மார்ச் அறுவடை நேரத்தில் கொக்கும் நாரையும் அரிவாள்மூக்கனும் இறங்கும். நத்தைகொத்தி நாரை வயல் நத்தையை ஓட்டிலிருந்து உருவி எடுப்பதைக் கிட்ட நின்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. பெரிய குளத்துப் பறவைகளுக்குக் கந்தளாய். வடக்கே மாவட்ட எல்லையில் உள்ள கொக்கிளாய்க் களப்பு 1951 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, அதற்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள்.

மூதூருக்குத் தெற்கே வெருகல் வரையான மகாவலிக் கழிமுகப் பகுதி பறவைக்குச் செழிப்பானது. ஆனால் யானையும் முதலையும் உள்ள இடம். ஊர் ஆள் ஒருவர் துணையில்லாமல் விடிகாலையில் பற்றைக்குள் நடக்க வேண்டாம்.

கடற்படை, விமானப்படை முகாம்களை அண்டிய கரைகளில், குறிப்பாக உள்துறைமுகத்தையும் சீனக்குடாவையும் சுற்றி, பெரிய தொலைநோக்கியையோ கமராவையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். குழுவாகப் போனால் கிராம உத்தியோகத்தருக்கும் அருகிலுள்ள காவலரணுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது வீண் விசாரணைகளைத் தவிர்க்கும். ட்ரோன் பறக்கவிடுவது அனுமதி இல்லாமல் சட்டவிரோதம், பறவைக் கூட்டத்துக்கும் பெரும் தொல்லை.

கருவியும் அதைச் சரிசெய்வதும்

முதல் பைனொக்குலர் 8×42 ஆக இருக்கட்டும். எட்டு மடங்கு பெருப்பித்தல், 42 மில்லிமீற்றர் முன்கண்ணாடி. 10×42 தூரத்துக்கு நல்லதுதான், ஆனால் வாடைக்காற்றில் கை ஆடும்போது படமும் கூடுதலாக ஆடும். களப்பின் மறுகரையில் நிற்கும் உள்ளான்களை இனம் பிரிக்க 20–60 மடங்குத் தொலைநோக்கியும் முக்காலியும் வேண்டும். அது ஆளுக்கொன்று தேவையில்லை, குழுவுக்கு ஒன்று போதும்.

பலர் பைனொக்குலரைச் சரிசெய்யாமலே பாவித்துவிட்டுத் தலையிடிக்கிறது என்பார்கள். செய்யவேண்டியது இவ்வளவுதான். முதலில் நடுப்பிணைச்சலை மடித்து விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரியும்படி வையுங்கள். எழுத்துள்ள பெயர்ப்பலகை ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணால் பார்த்து, நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பிக் கூர்மையாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் நடுச்சக்கரம் மட்டுமே போதும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்குவளைகளை உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் காட்சிதான் கிடைக்கும்.

கடற்காற்றில் வந்த உப்புத்தூள் வில்லையைக் கீறும். சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். ஊதியோ மென்தூரிகையாலோ தூளை அகற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி, பிறகுதான் துடைக்க வேண்டும். வீட்டில் காற்றுப்புகாத டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது.

குழப்பும் பறவைகள்

சாம்பலும் பழுப்புமாக ஐந்தாறு இனம் ஒரே சேற்றில் நிற்கும்போது தொடக்கக்காரர் தளர்ந்துவிடுவார். நிறத்தை விட்டு மூன்றைப் பாருங்கள்: அலகின் வடிவம், காலின் நிறம், பறக்கும்போது முதுகிலும் சிறகிலும் தெரியும் வெள்ளை.

செம்மஞ்சள் சிவப்புக் கால், பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை என்றால் பவளக்காலி. பச்சைக்காலிக்கு அந்தப் பட்டை கிடையாது. பறக்கையில் முதுகின் நடுவே வெள்ளை ஆப்பு வடிவில் ஏறும், அலகு தடித்து நுனி சற்று மேல்நோக்கி வளையும். அதே உருவம் சிறுத்து, அலகு ஊசிபோல் நேராக இருந்தால் அது சிறு பச்சைக்காலி. முதுகில் வெண்புள்ளி தூவிய பொறி உள்ளானுக்கு வெள்ளை வால் அடியோடு நின்றுவிடும், வயலோரத்திலும் நன்னீரிலும் அதிகம் நிற்கும். வளைமூக்கு உள்ளானின் அலகு கீழ்நோக்கி வளையும். கருவால் மூக்கன் உயரமானது. நீண்ட நேரான அலகைச் சேற்றுக்குள் முகம்வரை விட்டுத் துழாவும், பறக்கும்போது கறுப்பு வாலும் சிறகில் வெள்ளைப் பட்டையும் தெளிவாகத் தெரியும்.

உப்புக்கொத்திகளில் பின்கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வடக்கிலிருந்து வரும் மணல் உப்புக்கொத்திகளுக்கு அது இல்லை. வளையம் உள்ளவற்றில் எங்கள் நாட்டிலேயே ஆண்டு முழுக்க வாழ்ந்து குஞ்சு பொரிக்கும் அனுமான் உப்புக்கொத்தியும் ஒன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் இந்தப் பறவை 2023 இல்தான் தனி இனமாகப் பிரித்து அறியப்பட்டது. வெறுந்தரையில் முட்டையிடும், முட்டை மண்ணின் நிறம். தரவை காயத் தொடங்கியதும் அதன்மேல் மோட்டார்சைக்கிள் ஓட்டக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

தாராக்களில் ஊசிவால் தாரா, நீலச்சிறகு தாரா இரண்டையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஆண் ஊசிவாலின் வெண்கழுத்தும் நீண்ட வாலும் எவ்வளவு தூரத்திலும் தெரியும். ஆண் நீலச்சிறகு தாராவுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை வளைந்து இறங்கும், ஆனால் பருவத் தொடக்கத்தில் அதுவும் பெண்போல மங்கியே இருக்கும்.

எண்ணுவது

உலகெங்கும் எடுக்கப்படும் கணக்கோடு சேரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. இலங்கையில் இந்தக் கணக்கெடுப்பைச் சிலோன் பேர்ட் கிளப் நடத்திவருகிறது. பயிற்சிக்கு, 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழுவையும் அணுகலாம்.

இருவராக எண்ணுங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பைனொக்குலரிலிருந்து கண்ணை எடுத்தால் எண்ணிக்கை போய்விடும். இடமிருந்து வலமாக ஒரே திசையில் போங்கள், கம்பு, பற்றை, தோணி என்று எல்லைக்குறி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் பெரிதானால் முதலில் பத்துப் பறவைகளைச் சரியாக எண்ணி, அது பார்வையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அந்த அளவால் கூட்டத்தை அளந்து போங்கள். ஐந்நூறைத் தாண்டினால் ஐம்பது ஐம்பதாக. மூன்றுமுறை எண்ணி நடு எண்ணை எழுதுங்கள். கலப்புக் கூட்டமாக இருந்தால் மொத்தத்தை எடுத்துவிட்டு, வெவ்வேறு இடங்களில் நூறு பறவைகளை இனம்பிரித்து விகிதம் பாருங்கள்.

நெருக்கமான கூட்டத்தைக் குறைத்து எண்ணுவதும், இடம்மாறிய கூட்டத்தை இரண்டாம்முறை எண்ணுவதும் பொதுவான பிழைகள். எழும்பிப் போன கூட்டத்தின் நேரத்தையும் திசையையும் குறித்து வைத்தால் இரண்டாவது பிழை குறையும். இனம் தெரியாவிட்டால் “இனம் தெரியாத சிறு உள்ளான் 300” என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் அந்தப் பட்டியல் முழுவதையும் கெடுத்துவிடும்.

எவ்வளவு கிட்டப் போகலாம் என்று கேட்பார்கள். 100 மீற்றரில் நின்று தொடங்குங்கள். பறவைகள் இரை தேடுவதை நிறுத்தித் தலையை உயர்த்தினாலோ, சிதறி நின்றவை ஒன்றோடொன்று நெருங்கினாலோ எல்லை தாண்டிவிட்டீர்கள், பின்னால் வாருங்கள். பெப்ரவரி, மார்ச்சில் இவை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கின்றன. படம் எடுப்பதற்காக ஒருமுறை எழுப்பிவிட்டாலே அன்று தின்றதில் ஒரு பங்கு வீணாகும். நாயைக் கூட்டிப்போக வேண்டாம்.

கரை வேலை: எதைச் செய்வது, எப்போது

வெறும் சேறாகவும் உப்பு பூத்த தரையாகவும் கிடக்கும் இடத்தைப் பார்த்து “சும்மா கிடக்கிறது, ஏதாவது நடுவோம்” என்று நினைப்பதுதான் தொண்டர் வேலைகளில் மிகவும் கெடுதலானது. அந்தச் சேற்றுக்குள்தான் புழுவும் சிறு நண்டும் சிப்பியும் இருக்கின்றன. சைபீரியாவிலிருந்து வரும் பறவை அதைத்தான் தேடி வருகிறது. திறந்த சேற்றைத் திறந்தபடி விடுவதும் ஒரு வேலைதான்.

எந்த வேலைக்கும் முதலில் அனுமதி. சரணாலயத்துக்குள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், கண்டற்காடு (உப்புநீர்ச் சேற்றில் வளரும் கரையோரக் காடு) என்றால் பெரும்பாலும் வன பரிபாலனத் திணைக்களம், குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களமோ கமநல சேவை நிலையமோ. எங்கே யாரிடம் கேட்பது என்று பிரதேச செயலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். மீனவர் சங்கத்தோடும் விவசாய அமைப்போடும் கதைக்காமல் ஒரு வேலையும் தொடங்காதீர்கள். உலக ஈரநில நாளான பெப்ரவரி 2 ஐ ஒட்டி அலுவலகங்களிலிருந்து உதவி கிடைப்பது சுலபம். ஆனால் சேற்றில் பறவை நிறைந்திருக்கும் நேரமும் அதுவே. அன்று நூறுபேரைக் கரையில் இறக்குவதைவிடப் பத்துப்பேரோடு கரையின் ஒரு துண்டில் மட்டும் வேலைசெய்வது நல்லது. வாய்க்கால் திறத்தல், பற்றை வெட்டுதல் போன்ற சத்தமான வேலைகளைப் பறவை குறைந்த, தண்ணீர் வற்றிய ஜூன், ஜூலைக்கு ஒதுக்குங்கள்.

குப்பை எடுத்தல் மாரி வெள்ளம் இறங்கியபின் செய்யவேண்டியது. பத்துப்பேருக்கு இருபது வெற்று உரப்பை, ஆளுக்கொரு தடித்த கையுறை, நீண்ட பிடியுள்ள கொக்கித்தடி இரண்டு, தொங்குதராசு ஒன்று, ஆளுக்கு இரண்டு லீற்றர் குடிநீர். காலை 6.30 முதல் 8.30 வரை பறவை எண்ணிவிட்டு, கூட்டம் நிற்காத பகுதியில் 11 மணிவரை வேலை செய்யுங்கள். வெள்ளம் ஒதுக்கிவிட்ட கோட்டை ஒட்டியே நடங்கள், மென்சேற்றில் இறங்க வேண்டாம். பொலித்தீன், றெஜிபோம், போத்தல், செருப்பு, ஊசி எல்லாம் பைக்குள். விறகும் காய்ந்த பாசியும் இலைக்குவியலும் கிடக்கட்டும், பறவைகள் அதற்குள் பூச்சி தேடும். கரையை வாரிக் கூட்டி வெளிச்சமாக்கினால் படத்துக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். பிரதேச சபையின் உழவு இயந்திரத்தை முதல்நாளே உறுதிசெய்து, நிறுத்துக் குறித்த பைகளை அன்றைக்கே ஏற்றுங்கள். கரையில் விட்டுவிட்டு வந்த பையை மாடும் நாயும் இரவிலேயே கிழித்துவிடும். இனம்தெரியாத உலோகப் பொருள் எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல், எல்லோரையும் வந்த வழியே திரும்பச் சொல்லி 119 க்கு அறிவியுங்கள்.

கைவிடப்பட்ட வலைகளில் தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலைதான் பறவைக்கு மிகக் கொடியது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, உக்கியும் போகாது. கைவிட்டதா காயப்போட்டதா என்று உங்களால் தீர்மானிக்க முடியாது, மீனவர் சங்க ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வலையில் உயிரோடு பறவை சிக்கியிருந்தால் ஒருவர் மட்டும் அருகே போங்கள். கொக்கு, நாரை கண்ணைப் பார்த்துக் கொத்தும், ஆகவே முதலில் அலகைப் பிடியுங்கள். துவாயால் தலையை மூடினால் அடங்கும். சிறகை உடலோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, முனை மழுங்கிய சிறு கத்தரியால் இழை இழையாக வெட்டுங்கள். இழுத்தால் தோலும் இறகும் அறுந்து வரும். தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் நூலை இழுக்காமல் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காயம் இருந்தால் துளையிட்ட காட்போட் பெட்டியில், இருட்டில் வைத்து வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 க்கு எடுங்கள். காலில் வளையமோ நிறக்கொடியோ இருந்தால் எழுத்தையும் நிறத்தையும் எந்தக் கால் என்பதையும் படமெடுத்து வையுங்கள்.

குளங்களில் ஆகாயத்தாமரை எடுப்பது பயனுள்ள வேலை. சாதகமான காலத்தில் இரண்டு கிழமையிலேயே இரட்டிப்பாகிவிடும், அதனால் ஒரே நாளில் முழுக் குளத்தையும் பிடிக்க முயன்று பாதியில் விடுவது வீண். ஒரு மூலையைத் தெரிந்து, மூங்கில் மிதப்பு கட்டிப் பிரித்து, அதைச் சுத்தமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தொடங்கமுன் இலைகளுக்கிடையே தாழைக்கோழி, இலைக்கோழிக் கூடுகள் இருக்கின்றனவா என்று பைனொக்குலரால் தேடுங்கள், இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். எடுத்ததை வெள்ளம் எட்டாத மேட்டில் குவியுங்கள். கரையோரமே போட்டால் அடுத்த மழை திரும்பத் தள்ளிவிடும். தாமரையையும் அல்லியையும் பிடுங்காதீர்கள். தோணி, வாரி, சப்பாத்து எல்லாவற்றையும் அங்கேயே கழுவி வெயிலில் உலர்த்தாமல் வேறு குளத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. காலில் காயத்தோடு தண்ணீரில் இறங்க வேண்டாம், மாரியில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. தடுப்பு மருந்து பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் முதலே கேளுங்கள். இறங்கிய பிறகு காய்ச்சலும் தசைநோவும் வந்தால் நீரில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கண்டல் நடுதல்

எல்லோரும் ஆசைப்படும் வேலை இது, அதிகமாகத் தோற்பதும் இதுதான். இலங்கையில் 23 இடங்களின் கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்றும், பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்று இடங்களில் மட்டுமே என்றும் கண்டது. பிழையான இடம், பிழையான இனம், நட்டபின் கவனிப்பு இல்லாமை, இவைதான் பெரும்பாலும் காரணம்.

ஆகவே நடமுன் தாய்மரங்களின் அடியில் போய்ப் பாருங்கள். இயற்கையாகவே கன்றுகள் முளைத்திருந்தால் அங்கே நடவேண்டியதே இல்லை, வேலியும் காவலும் போதும். முளைக்கவில்லை என்றால் ஏன் என்று தேடுங்கள். வீதி போட்டபோது மதகு அடைபட்டு நீரோட்டம் நின்றிருக்கலாம், மாடு மேய்ந்திருக்கலாம், கோடையில் உப்பு மிதமிஞ்சி ஏறலாம். அடைபட்ட மதகைத் திறந்துவிட்டால் விதை தானாக வந்து சேரும் இடங்கள் பல.

முன்பு கண்டல் நின்று வெட்டப்பட்ட இடத்தில் மட்டும் நடுங்கள். பக்கத்தில் வளரும் இனத்தையே எடுங்கள், கண்டற்காட்டு மரங்களில் கண்டல் என்ற இனம் நின்ற இடத்துக்குக் கண்டல், கண்ணா என்ற இனம் நின்ற இடத்துக்குக் கண்ணா. கண்டலின் நீண்ட நாற்றுக்காயை மரத்திலிருந்து பிடுங்காதீர்கள். கிளையை மெல்ல அசைக்க விழுபவையே முற்றியவை. துளையுள்ளதையும் நுனி முறிந்ததையும் கழித்துவிட்டு, கூரான வேர்முனை கீழேயும் காயோடு ஒட்டியிருந்த முளைநுனி மேலேயும் இருக்கும்படி வைத்து, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போகும்படி, ஒரு மீற்றர் இடைவெளியில் குத்துங்கள். தலைகீழாகக் குத்துவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கும், ஆகவே முதல் பத்தை அனுபவமுள்ளவர் குத்திக் காட்டட்டும். முகத்துவாரம் அடைபட்டுக் களப்பு மாதக்கணக்கில் நிரம்பி நிற்கும் மட்டத்துக்குக் கீழே நட்டால் கன்று மூழ்கி அழுகும். சென்ற மாரியின் நீர்க்கோடு மரங்களில் பதிந்திருக்கும், அதை வைத்து மட்டம் பாருங்கள். வேலை இடத்தில் தில்லை மரம் நின்றால் கிளையை முறிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் நீண்டநேரம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நடும் நாளிலேயே அடுத்த ஓராண்டுக்கு யார் வந்து பார்ப்பது என்று பெயரோடு எழுதி வையுங்கள். ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் உயிரோடு உள்ளவற்றை எண்ணுங்கள். தண்டில் பாசி சுற்றியிருந்தால் கையால் எடுத்துவிடலாம். தண்டில் கொட்டலசு திரளாக ஒட்டியிருந்தால் இடம் தாழ்வு என்று பொருள், அங்கே மீண்டும் நடாதீர்கள். நுனி கடிபட்டிருந்தால் மாடு, ஒரு மீற்றர் உயரத்துக்கு வேலி வேண்டும். ஆறாம் மாதத்தில் பாதிக்கு மேல் செத்திருந்தால் இடைவெளியை நிரப்ப முயலாமல், நீர்மட்டத்தையும் நீரோட்டத்தையும் முதலிலிருந்து ஆராயுங்கள்.